இனிப்புத் தயிர்

பேட்டரி உடைக்கும் கொட்டகையின் வாசலில் காலை ஷிஃப்ட் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். சூப்பர்வைசர் ஒவ்வொருவர் கையிலும் விரல் நீளத்துக்கு ஒரு பாட்டிலைக் கொடுத்தார். அவர்கள் அண்ணாந்து குடிப்பதையும், குடித்தபின் வாயைத் திறந்து நாக்கை நீட்டுவதையும் பார்த்த பிறகுதான் உள்ளே விட்டார். பாட்டிலில் இருந்தது பார்க்கப் பால் மாதிரி இருக்கும், குடித்தால் புளிக்கும். கம்பெனி அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்திருந்தது. கொட்டகையில் எல்லோரும் 'நல்ல கிருமி' என்றார்கள்.

"ஆ காட்டு."

"நல்லா பாத்துக்கங்க சார். சொத்தப் பல்லு ஒண்ணு இருக்கு. அதையும் கம்பெனி செலவுல புடுங்கிவிட்டா புண்ணியமாப் போகும்."

வரிசையில் சிரிப்பு பரவியது. சூப்பர்வைசரிடம் இப்படிப் பேசுகிற ஆள் அங்கே ஒருத்திதான். உடைத்த பேட்டரியிலிருந்து ஈயத்தட்டுகளைப் பிரிக்கும் மேசையில் அவளுக்கு வேலை. உடம்பு மெலிசு, வாய் கூர்மை, ஆகவே குண்டூசி. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே நகர்ந்து வழிவிடுவாள்.

குண்டூசி அண்ணாந்து குடித்தது, பழைய பாட்டில் ஒன்றில் வீட்டிலிருந்தே அடைத்துக்கொண்டு வந்த பால்தண்ணீரை. சூப்பர்வைசர் கொடுத்த பாட்டில் அதற்குள் மேலங்கிப் பைக்குள் போய்விட்டிருந்தது. இந்தக் கைவேகத்தை மேசையில் காட்டியிருந்தால் எப்போதோ மேஸ்திரி ஆகியிருப்பாள் என்று பக்கத்து மேசைக்காரிகள் தங்களுக்குள் பொருமிக்கொள்வார்கள். ஆனால் காட்டிக்கொடுத்ததில்லை. அவர்களுக்கும் அந்தப் பாட்டிலில் பங்கு இருந்தது.

நல்ல கிருமி கொட்டகைக்குள் வந்தபோது கம்பெனி டாக்டர் குடல் படம் ஒன்றைச் சுவரில் மாட்டிப் பாடம் நடத்தியிருந்தார். "வயித்துக்குள்ள போற ஈயத்த இந்தக் கிருமி கட்டிப் புடிச்சுக்கும். ரத்தத்துல சேர விடாது. காலையில வெளிய போறப்ப தன்னோட இழுத்துக்கிட்டுப் போயிடும்."

"மூக்கு வழியா போறத யார் சார் புடிப்பா?" என்றான் குண்டூசியின் புருஷன். பிரித்த தட்டுகளை உருக்குகிற உலையில் அவனுக்கு வேலை.

"அது அடுத்த கட்ட ஆராய்ச்சி."

"சம்பளம் இல்ல, லீவு இல்ல, யூனியனும் வைக்காது. கம்பெனிக்கு ஏத்த தொழிலாளி கெடச்சுட்டான்யா" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். டாக்டரும்கூடச் சிரித்தார். அந்த வாரமே உலைக்கு மேலே புகையை உறிஞ்சுகிற பெரிய விசிறியைப் பழுதுபார்ப்பதற்காகக் கழற்றிக்கொண்டு போனார்கள். அது திரும்பி வரவில்லை. கேட்டால், "அதான் பாட்டில் குடுக்கறோம்ல?" என்றார் சூப்பர்வைசர்.

பாடத்தில் ஒரே ஒரு சங்கதி குண்டூசியின் மனதில் ஒட்டிக்கொண்டது. கிருமி உயிருள்ளது, பாலில் விட்டால் பெருகும். உயிருள்ளது பெருகும் என்றால் ஒருத்தி குடித்துத் தீர்ப்பானேன்? வீட்டில் பள்ளிக்கூடம் போகிற மகள் இருக்கிறாள். பெற்றவர்கள் இருவரும் தலைமுடி வரை ஈயத்தூளோடு திரும்புகிற வீடு. பெருக்கினாலும் துடைத்தாலும் ஜன்னல் விளிம்பில் சாம்பல் நிறம் மறுநாளே வந்து உட்கார்ந்துவிடும். கம்பெனி தன் ஆட்களுக்குத்தான் பாட்டில் கொடுத்தது. ஆட்களின் பிள்ளைகளுக்கு இல்லை. ஆகவே அவள் பாலைக் காய்ச்சி ஆறவைத்து, பாட்டிலைக் கவிழ்த்து உறை ஊற்றினாள். விடிந்தபோது பானை நிறையத் தயிர்.

பானை பழைய பித்தளை. உள்பூச்சு தேய்ந்துபோய், புளிப்புப் பட்டால் பச்சை பிடிக்கிற நிலையில் கிடந்தது. அவள் உலைக்காரப் புருஷன் அதைப் பார்த்துக்கொள்கிறேன் என்றான். உலை வேலைக்காரர்கள் வெறுங்கையோடு வீடு திரும்புகிறவர்கள் இல்லை. தூண்டிலுக்குக் குண்டு, ஆடுகிற கட்டிலுக்கு முட்டு, ஒழுகுகிற வாளிக்கு அடைப்பு என்று உலையில் வழிந்து உறைந்த ஈயக்கட்டி ஏதாவது ஒன்று சாப்பாட்டு டப்பாவுக்குள் வந்துவிடும். யாரும் அதைத் திருட்டென்று நினைத்ததில்லை. அவன் அப்படி ஒரு கட்டியைக் கொண்டுவந்து, அடுப்பில் பானையைச் சூடேற்றி, துணியால் சுழற்றிச் சுழற்றித் தேய்த்தான். பானையின் உள்பக்கம் கண்ணாடியாக மின்னியது. சந்துப் பெண்கள் குனிந்து முகம் பார்த்துத் தலையைச் சரிசெய்துகொண்டார்கள்.

"உன் வீட்டுக்காரருக்குக் கை என்ன கைக்கா! என் வீட்டுல இருந்ததுக்கு ஒரு ஆணி அடிக்கத் தெரியாது" என்றாள் பக்கத்து வீட்டுத் தையல்காரி. இருந்தது ஓடிப்போய்விட்டதை அவள் எப்போதும் இப்படித்தான் சந்துக்கு நினைவூட்டுவாள். தையல் மிஷினும் நடக்கத் தொடங்கியிருந்த பாப்பாவும்தான் அவளுக்கு மிச்சம்.

தயிர் பிரமாதமாக அமைந்தது. புளிக்கவே இல்லை. மறுநாள் வைத்திருந்தாலும் ஒரு மெல்லிய தித்திப்பு நாக்கில் நின்றது. மருந்துக்கு மருந்து, ருசிக்கு ருசி. கொட்டகையில் வேலை செய்கிற வீடுகளிலிருந்து கிண்ணங்கள் வரத் தொடங்கின. கிண்ணம் வந்தால் கூடவே செய்தியும் வரும். சந்தில் யார் யாரோடு பேசவில்லை என்பது முதல் தகவலாகக் குண்டூசிக்குத்தான் கிடைத்தது. நேற்றுவரை வாய்க்காரி என்று ஒதுங்கிப் போனவர்கள் 'அக்கா' என்று வந்து நின்றார்கள். அவளுக்கும் நடையில் ஒரு மிதப்பு வந்திருந்தது. அது சந்தில் யாருக்கும் தெரியாமல் இல்லை.

"சக்கரை போடறியாக்கா?" என்று கேட்டாள் தையல்காரி, பாப்பாவுக்கு ஊட்டிக்கொண்டே.

"சக்கரையா? என் கை போட்டதுடி இது."

மழைக்காலம் முடிவதற்குள் உலைக்காரனின் வலது கை விழுந்துவிட்டது. தோள் தூக்கும், முழங்கை மடங்கும். மணிக்கட்டுக்குக் கீழே மட்டும் ஈரக் கையுறை மாதிரி தொங்கும். கரண்டியைப் பிடிக்க வராமல் உலையில் எதையோ கொட்டிவிட்ட அன்று அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். வயிற்றில் முறுக்கு வந்தால் சுவரில் முதுகை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான். சந்தில் இன்னும் சில ஆண்களுக்கும் இதே முறுக்கு. கை மட்டும் இன்னும் விழவில்லை.

"பாட்டில ஒழுங்கா குடிச்சிருக்க மாட்ட" என்றார் சூப்பர்வைசர்.

"வாயத் தொறந்து பார்த்தது நீங்கதான சார்?"

எல்லோருமாகச் சேர்ந்து தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்தார்கள். ஆபீசர் ஒருவர் வந்து கொட்டகையைப் பார்ப்பதாக முடிவானது. உலைதான் காரணம் என்று அவர் சொல்லிவிட்டால் கம்பெனி விசிறியைத் திரும்ப மாட்ட வேண்டும். உலைக்காரனைப் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்து ஈயத்தை இறக்குகிற மருந்தை ஏற்ற வேண்டும். சீக்கிரம் ஏற்றினால் கை திரும்ப வாய்ப்பு உண்டு, தள்ளிப்போட்டால் கஷ்டம் என்று சொல்லியிருந்தார்கள். அவன் தினமும் அந்தக் கையை மடியில் வைத்து, இடது கையால் விரல் விரலாக நீவிக்கொண்டு ஆபீசருக்காகக் காத்திருந்தான்.

அதற்குள் மகள் சுருண்டாள். சாப்பாடு இறங்கவில்லை, தயிர் மட்டும் இறங்கியது. பள்ளிக்கூடத்தில் தூங்குகிறாள், கூப்பிட்டால் எரிந்து விழுகிறாள் என்று டீச்சர் சொல்லி அனுப்பினாள். குண்டூசி அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ரத்தம் எடுத்தார்கள், பிறகு வரச் சொன்னார்கள். போனபோது டாக்டரம்மா மகளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"உன் வீட்டுக்காரர் ரத்தத்துல இருக்கறத விட உன் பொண்ணு ரத்தத்துல ஈயம் அதிகமா இருக்கும்மா."

"அவ கொட்டகைப் பக்கமே வந்ததில்லையே டாக்டரம்மா!"

"அதான் கேக்கறேன். வீட்டுல புதுசா ஏதாவது சாப்பிடறாளா?"

"தயிர்தான். அதுவும் சாதாத் தயிர் இல்ல. கம்பெனி குடுக்கற கிருமிய விட்டு நானே உறை ஊத்தறது. ஈயத்தப் புடிக்கற கிருமி."

"கிருமி பொய் இல்ல. கொஞ்சம் புடிக்கும். எதுல ஊத்தி வைக்கற?"

"பித்தளப் பானையில. உள்ள பூச்சு இருக்கு. அவரே பூசினது. முகம் பார்க்கலாம், அப்படி இருக்கும்."

"எத வெச்சுப் பூசினாரு?"

குண்டூசி சொன்னாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள்.

"தயிர் தித்திக்குமா?"

"தித்திக்கும்" என்றாள் குண்டூசி. அந்த வார்த்தை வாயிலிருந்து வரும்போது அதில் வழக்கமான பெருமையும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தது. பிறகுதான் டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

புளிப்பு ஈயத்தை அரிக்கும், அரித்தால் இனிக்கும் என்று டாக்டரம்மா சொன்னதில் பாதிதான் காதில் விழுந்தது. மகளுக்கு மாத்திரை கொடுத்தார்கள். பானையை இனித் தொடாதே என்றார்கள். "அந்தத் தயிர வேற யாராவது சாப்பிட்டாங்களா?" என்று கேட்டபோது குண்டூசி மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு கதவைத் திறந்தாள்.

வீட்டில் உலைக்காரன் முழுக்கக் கேட்டான். தொங்கும் கையைப் பார்த்தான், அப்புறம் மற்றக் கையைப் பார்த்தான்.

"நான் பூசினது" என்றான்.

"நீங்க பூசினீங்க, நான் ஊத்தினேன். இப்ப அதப் பங்கு போட்டு என்ன ஆகப்போகுது? மத்த வீட்டுல சொல்லணுங்க. எல்லாப் புள்ளைங்களுக்கும் ரத்தம் பார்க்கணும்."

"சொல்லு. தாராளமா சொல்லு. நாளைக்கே கம்பெனி காதுக்குப் போயிடும். உலை இல்ல, பானைதான் காரணம்னு கைய கழுவிட்டுப் போயிடுவான். என் கை மட்டுமா? புகார் குடுத்த அத்தன பேரும் உன் தயிரக் குடிச்சவன்தான்."

"அதுக்காக?"

"ஆபீசர் வந்துட்டுப் போகட்டும்டி. அதுவரைக்கும் வாயத் தெறக்காத. யாருக்கும் ஊத்தாத. அவ்வளவுதான் கேக்கறேன். உன் வாய் ஒரு வாரம் சும்மா இருந்தா உலகம் அழிஞ்சுடாது."

அவன் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை. பானையைக் கழுவி, பழைய போர்வையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். பால் திரிந்துவிட்டது என்று கிண்ணங்களைத் திருப்பி அனுப்பினாள். மறுநாளும் திரிந்தது. அதற்கு மறுநாளும். சந்தில் முணுமுணுப்பு கிளம்பியது. புகார் ஜெயிக்கப்போகிறது, கம்பெனி காசு வரப்போகிறது, இப்போதே அவளுக்குத் தலைகால் புரியவில்லை என்று பேசிக்கொண்டார்கள். அது அவள் காதுபடவே பேசப்பட்டது. பதில் சொல்லாமல் அவள் குழாயடியிலிருந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்து, உடம்புதான் சரியில்லையோ என்றும் சிலர் நினைத்தார்கள்.

தையல்காரி மட்டும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நேரில் வந்தாள். இடுப்பில் பாப்பா. அது தலையைத் தோளில் சாய்த்து, கண்ணை முழுதும் திறக்காமலும் தூங்காமலும் இருந்தது.

"பால் திரிஞ்சுபோச்சுடி."

"எனக்கு நிறைய வேண்டாங்க்கா. அடியில ஒட்டியிருந்தாக்கூட வழிச்சுக் குடு. எனக்கில்ல, இதுக்கு. வெளிக்கே போகல. வயிறு கல்லு மாதிரி இருக்கு, தொட்டா வீல்னு கத்துது. உன் தயிர்ல நாலு வாய் உள்ள போச்சுன்னா அந்தக் கிருமி எல்லாத்தையும் இழுத்துக்கிட்டு வந்துடும்ல?"

உலைக்காரன் உள்ளிருந்து இருமினான். இருமல் வந்து இருமியது அல்ல அது.

குண்டூசி கிண்ணத்தை வாங்கினாள். வாங்கியவள் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பாப்பா கிண்ணத்தைப் பார்த்து வாயைத் திறந்தது.

"தயிர்லதான்டி ஈயம்" என்றாள்.

"என்னக்கா?"

"பானையில பூசினது கொட்டகை ஈயம். அது தயிர்ல எறங்கியிருக்கு. என் பொண்ணு ரத்தத்துல ஏறிப்போச்சு. இதுக்கும் ஏறியிருக்கும். மிஷினை நிறுத்திட்டு வா, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

தையல்காரி கத்துவாள் என்று எதிர்பார்த்து அவள் சுவரோடு ஒதுங்கி நின்றாள். கத்தவில்லை. பாப்பாவின் திறந்த வாயைத் தன் உள்ளங்கையால் மூடினாள்.

"சக்கரை போடறியான்னு கேட்டேனேக்கா" என்றாள்.

ஆஸ்பத்திரிக்கு இருவரும் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். பாப்பாவைப் படுக்கையில் சேர்த்துக்கொண்டார்கள். நல்லவேளை, இப்போதாவது கொண்டுவந்தீர்கள் என்றாள் டாக்டரம்மா. பொழுது சாய்வதற்குள் சந்தில் எல்லாப் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு எல்லாத் தாய்மார்களும் அதே பெஞ்சுக்கு வந்துவிட்டார்கள். குண்டூசி உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டிருந்தாள். அவள் நின்ற பக்கம் யாரும் உட்காராததால்தான் அந்த இடம் இருந்தது.

கம்பெனிக்குச் செய்தி போக யாரும் சொல்லி அனுப்பத் தேவைப்படவில்லை. ஆபீசர் வந்தார். கொட்டகைக்குள் ஒரு சுற்று, உலை அன்று அணைத்து வைக்கப்பட்டிருந்ததால் சீக்கிரம் முடிந்தது. மீதி நேரம் முழுக்கக் குண்டூசியின் சமையலறையில்தான். பானையைப் பல கோணங்களில் படம் எடுத்தார்கள். சூப்பர்வைசர் டார்ச் பிடித்தார்.

"உலைப்புகையும் இருக்குதான், இல்லன்னு சொல்லல" என்றார் ஆபீசர், உலைக்காரன் கேட்டதற்கு. "ஆனா உங்க உடம்புல எது உலையிலேர்ந்து வந்தது, எது பானையிலேர்ந்து வந்ததுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாதே. பிரிக்க முடியலன்னா கம்பெனி மேல போட முடியாது."

"எங்க எல்லாருக்குமா சார்?"

"எல்லாரும் இந்தத் தயிரக் குடிச்சவங்கதானே?"

போகும்போது சூப்பர்வைசர் இன்னொன்றும் சொன்னார். பூச்சுக்கு எடுத்த ஈயம் கம்பெனியின் சொத்து. அதை வெளியே கொண்டுபோனவனுக்கு இனி உலையில் வேலை இல்லை. போலீசுக்குப் போகலாம் என்று மேலே சொன்னார்கள். தான்தான் தடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார். "உனக்கு ஒண்ணும் ஆகாதும்மா. நீ வழக்கம்போல வா. நல்ல கைவேலைக்காரிய விட முடியுமா?" என்று குண்டூசியிடம் சிரித்தார். வீட்டில் வேலைக்குப் போகிற கை இப்போது அவளுடையது ஒன்றுதான் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

சில நாள் கழித்து, அவள் மேலங்கியை மாட்டிக்கொண்டு ஷிஃப்டுக்குக் கிளம்பும் நேரத்தில் சந்து முனையில் கம்பெனி அனுப்பிய வேன் வந்து நின்றது. அதிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு. முகத்தில் இரண்டு பக்கமும் வட்ட டப்பா வைத்த ரப்பர் முகமூடி. முழங்கை வரை கையுறை. அந்த மாதிரி முகமூடியைச் சந்தில் யாரும் பார்த்ததில்லை. பிள்ளைகள் பயந்து கதவுக்குப் பின்னால் ஒளிந்தன.

"பானைய எடுக்க வந்திருக்கோம். எல்லாரும் தள்ளி நில்லுங்க. புள்ளைங்கள உள்ள கூட்டிட்டுப் போங்க" என்றது ஒரு முகமூடி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருந்தது.

உலைக்காரன் எழுந்து கிட்டப் போய், அந்த முகமூடியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "இது எங்க தம்பி கெடைக்கும்?"

"இதெல்லாம் எப்பவும் போடறதில்லண்ணே. ஈயத்தக் கையாளறப்ப மட்டும்தான்." அந்தப் பையன் கிண்டலாகச் சொல்லவில்லை.

பானையை ஒரு பைக்குள் போட்டு வாயைக் கட்டினார்கள். அதை இன்னொரு பைக்குள் போட்டு, சிவப்பு ஒட்டுச்சீட்டு ஒட்டினார்கள். கையை உடம்பிலிருந்து விலக்கி நீட்டிப் பிடித்துக்கொண்டு வேனுக்கு நடந்தார்கள். குண்டூசி ஜன்னலோரத்தில் நின்று வழிவிட்டாள். அவள் மேலங்கியின் மடிப்புகளில் சாம்பல் தூள் வரிவரியாகப் படிந்திருந்தது. அவளைக் கடக்கும்போது வெள்ளை உடுப்புக்காரர்கள் பையைத்தான் பார்த்து நடந்தார்கள்.

அவள் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்து, வாயைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே போனபோது, வேன் முன்பே வந்து போயிருந்தது. வாசல் தொட்டியில் இரண்டு வெள்ளை உடுப்புகளும் கையுறைகளும் கழற்றிப் போடப்பட்டுக் கிடந்தன. அவள் மேசையின் மேல், உடைத்த பேட்டரித் துண்டுகளுக்கு நடுவே பானை இருந்தது. பை இரண்டும் பக்கத்தில் கிழிந்து கிடந்தன.

"ஈயம் கம்பெனியோடது. சுரண்டித் தட்டுகளோட சேத்துடு" என்றார் சூப்பர்வைசர். "பித்தள உன்னுது. வேணும்னா எடுத்துக்க."

குண்டூசி மூக்கின் மேல் துணியை இழுத்துக் கட்டினாள். பானையைச் சாய்த்துத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, உளியை உள்ளே விட்டுச் சுரண்டத் தொடங்கினாள். பூச்சு நல்ல பூச்சு, லேசில் விடவில்லை. பொடிப்பொடியாகப் பெயர்ந்து வந்த தூள், விசிறி இல்லாத கொட்டகையின் காற்றில் மேலே எழும்பி, எங்கும் போக வழியில்லாமல் மெல்ல அவள் மேலேயே இறங்கியது.